தரைநிலைய ஆன்டெனாக்களின் தானியங்குப் பின்தொடர்தல்

தரைநிலைய ஆன்டெனாக்களின் தானியங்குப் பின்தொடர்தல் என்பது, புவியில் அமைந்துள்ள ஆன்டெனா ஒன்று விண்ணில் நகரும் செயற்கைக்கோளின் வானொலிச் சமிக்ஞையை மனிதர் கைப்பட இயக்காமலேயே தேடிக் கண்டடைந்து, செயற்கைக்கோள் பார்வையிலிருந்து மறையும் வரை தன் கற்றையை அதன் மீதே நிலைநிறுத்தும் முறையாகும். இதில் மூன்று பணிகள் அடங்கும். செயற்கைக்கோள் எங்கே இருக்கும் என முன்கூட்டியே கணித்தல் முதலாவது. கணிப்பில் பிழை இருந்தாலும் சமிக்ஞையைக் கண்டடைதல் இரண்டாவது. கண்டடைந்த சமிக்ஞையைக் கொண்டே ஆன்டெனாவின் திசையைத் தொடர்ந்து திருத்துதல் மூன்றாவது. வான் இயக்கவியல், வானொலிப் பொறியியல், கட்டுப்பாட்டுப் பொறியியல், மென்பொருள் ஆகிய நான்கு துறைகளும் இதில் ஒன்றுசேர்கின்றன.

தேவை

வீட்டுக் கூரையில் பொருத்தப்படும் தொலைக்காட்சித் தட்டு ஒருமுறை திருப்பி இறுக்கப்பட்ட பின் அசைவதில்லை. அது நோக்கும் செயற்கைக்கோள் புவிநடுக்கோட்டிற்கு மேல் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் புவியின் சுழற்சிக்கு இணையாகச் சுற்றுவதால், தரையிலிருந்து பார்ப்பவருக்கு ஏறத்தாழ ஒரே இடத்தில் நிற்பதாகத் தோன்றும். ஆனால் எல்லாச் செயற்கைக்கோள்களும் அவ்வாறு நிற்பவை அல்ல. புவியைப் படமெடுப்பவை, வானிலை ஆய்வுக்கானவை, மாணவர்கள் உருவாக்கும் சிறு செயற்கைக்கோள்கள் போன்றவற்றுள் பெரும்பாலானவை சில நூறு கிலோமீட்டர் உயரத்தில் தாழ்புவிச் சுற்றுப்பாதையில் செல்கின்றன.

எடுத்துக்காட்டாக, 500 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள் நொடிக்கு ஏறத்தாழ 7.6 கிலோமீட்டர் வேகத்தில் சென்று, 95 நிமிடங்களுக்குள் புவியை ஒருமுறை சுற்றிவிடுகிறது. ஒரு தரைநிலையத்தின் தொடுவானத்தில் எழுந்து, தலைக்கு மேலாகக் கடந்து, எதிர்த் தொடுவானத்தில் மறைய அதற்கு ஏறத்தாழ 11 நிமிடங்களே ஆகும். பக்கவாட்டில் கடக்கும்போது இந்நேரம் இன்னும் குறையும். புவிமுனைகளின் வழியே சுற்றும் இத்தகைய செயற்கைக்கோளைப் புவிநடுக்கோட்டிற்கு அருகிலுள்ள நிலையம் ஒன்று நாளொன்றுக்கு நான்கு முறை அளவிலேயே காண இயலும்.

இக்குறுகிய நேரத்திற்குள் செயற்கைக்கோள் சேமித்து வைத்திருக்கும் படங்களையும் உடல்நிலைத் தரவுகளையும் இறக்கிக்கொள்ள வேண்டும். அடுத்த சுற்றுக்கான கட்டளைகளையும் அனுப்பியாக வேண்டும். நொடிக்கு 300 மெகாபிட் வேகத்தில் தரவு இறங்குவதாகக் கொண்டால், ஆன்டெனா ஒரு நிமிடம் திசை தவறினால் 18 கிகாபிட் தரவு இழக்கப்படும். வெள்ளம், புயல் போன்ற பேரிடர் வேளைகளில் அவ்விழப்பு அடுத்த கடப்பு வரை பல மணிநேரக் காத்திருப்பாக மாறும்.

கற்றை அகலம்

ஆன்டெனா தன் ஆற்றலைக் குவிக்கும் கோணப் பரப்பு கற்றை அகலம் எனப்படும். கற்றையின் மையத்தில் கிடைக்கும் திறனில் பாதி கிடைக்கும் இரு விளிம்புகளுக்கு இடைப்பட்ட கோணம் இது. பரவளையத் தட்டு ஆன்டெனாவிற்குப் பின்வரும் தோராயச் சமன்பாடு பயன்படும்:

கற்றை அகலம் (பாகையில்) ≈ 70 × அலைநீளம் ÷ தட்டின் விட்டம்

தட்டு பெரிதாகப் பெரிதாகவும் அதிர்வெண் உயர உயரவும் கற்றை குறுகும் என்பது இதிலிருந்து புலனாகும். சில எடுத்துக்காட்டுகள்:

- 60 சென்டிமீட்டர் தட்டு, 12 கிகாஹெர்ட்ஸ் (வீட்டுத் தொலைக்காட்சி): ஏறத்தாழ 2.9 பாகை
- 11 மீட்டர் தட்டு, 2.2 கிகாஹெர்ட்ஸ் (எஸ் பட்டை): ஏறத்தாழ 0.87 பாகை
- 11 மீட்டர் தட்டு, 8.2 கிகாஹெர்ட்ஸ் (எக்ஸ் பட்டை): ஏறத்தாழ 0.23 பாகை
- 11 மீட்டர் தட்டு, 26 கிகாஹெர்ட்ஸ் (கா பட்டை): ஏறத்தாழ 0.07 பாகை
- 32 மீட்டர் தட்டு, 8.4 கிகாஹெர்ட்ஸ்: ஏறத்தாழ 0.08 பாகை

முழுநிலவின் தோற்ற விட்டம் ஏறத்தாழ அரைப் பாகை என்பதை நினைவில் கொண்டால், இக்கற்றைகள் எவ்வளவு குறுகியவை என்பது விளங்கும்.

திசைப் பிழையால் ஏற்படும் திறனிழப்பு, பிழைக்கும் கற்றை அகலத்திற்கும் உள்ள விகிதத்தின் இருமடியை 12 ஆல் பெருக்கினால் டெசிபெல் அளவில் கிடைக்கும். பிழை கற்றை அகலத்தில் பத்தில் ஒரு பங்கானால் இழப்பு வெறும் 0.12 டெசிபெல். பாதியானால் 3 டெசிபெல், அதாவது திறனில் பாதி போய்விடும். எனவே கற்றை அகலத்தில் பத்தில் ஒரு பங்கிற்குள் பிழையை அடக்குவது வடிவமைப்பாளர்களின் பொதுவான இலக்காகும்.

வரலாறு

தானாகவே இலக்கைத் தொடரும் ஆன்டெனாக்கள் விண்வெளி ஊழிக்கு முன்பே தோன்றிவிட்டன. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவின் மாசாச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் கதிரியக்க ஆய்வகத்தில் உருவான எஸ்சிஆர்-584 ராடார், கூம்பு வருடல் முறையில் வானூர்திகளைத் தானாகவே பின்தொடர்ந்தது. 1957 அக்டோபரில் ஸ்புட்னிக்கை ஏவிய ஏவூர்தியை இங்கிலாந்தின் ஜோட்ரெல் பேங்க் தொலைநோக்கி ராடார் கொண்டு கண்டறிந்தது.

1962 ஜூலை 10 அன்று ஏவப்பட்ட டெல்ஸ்டார் செயற்கைக்கோள், தானியங்குப் பின்தொடர்தலை அன்றாடத் தேவையாக்கியது. அட்லாண்டிக் பெருங்கடலின் இரு கரைகளுக்கும் அது ஒரே வேளையில் தென்பட்டது ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 20 நிமிடங்கள் மட்டுமே. இதற்கென அமைக்கப்பட்ட இரு நிலையங்கள் இரு வேறு வழிகளைக் கையாண்டன.

அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்திலுள்ள ஆண்டோவர் நிலையத்தில் 54 மீட்டர் நீளமும் ஏறத்தாழ 340 டன் எடையும் கொண்ட பெரிய கொம்பு ஆன்டெனா நிறுவப்பட்டது. அதன் கற்றை கால் பாகை அளவே இருந்தமையால் நேரடியாகத் தேடுவது கடினம். ஆகவே அகன்ற கற்றையுடைய சிறு ஆன்டெனா முதலில் செயற்கைக்கோளைக் கண்டறிந்தது. அதைவிடக் குறுகிய கற்றையுடைய மற்றொன்று அதன் திசையைத் துல்லியமாக்கியது. இறுதியில் பெரிய கொம்பு தானே சமிக்ஞையைப் பற்றிக்கொண்டது. அகன்றதிலிருந்து குறுகியதற்குப் படிப்படியாகச் செல்லும் இவ்வுத்தி இன்றும் கையாளப்படுகிறது.

இங்கிலாந்தின் கூன்ஹில்லி நிலையத்தில் 26 மீட்டர் விட்டமும் ஏறத்தாழ 1,100 டன் எடையும் கொண்ட தட்டு, கணினி முன்கூட்டிக் கணித்துத் துளையிட்ட காகித நாடாவைக் கொண்டு திருப்பப்பட்டது. முதல் இரவில் அங்கு கிடைத்த படம் தெளிவற்று இருந்தது. பிழை திசையில் இருக்கவில்லை. வட்ட முனைவாக்கத்தின் வரையறையை இரு நாட்டினரும் எதிரெதிராகப் பொருள்கொண்டிருந்தனர். அது திருத்தப்பட்டதும் படம் தெளிவாயிற்று. சமிக்ஞை வலுக்குறைந்து இருந்தால் ஆன்டெனா திசை மாறியிருக்கிறது என உடனே முடிவு செய்யலாகாது என்பதற்கு இது ஒரு பழைய சான்றாகும்.

நிரல்வழிப் பின்தொடர்தல்

செயற்கைக்கோளின் சுற்றுப்பாதை தெரிந்திருந்தால், ஒவ்வொரு கணத்திற்குமான திசைக்கோணத்தையும் ஏற்றக்கோணத்தையும் கணக்கிட்டு ஆன்டெனாவைத் திருப்பலாம். சமிக்ஞையைப் பற்றிக் கவலைப்படாமல் கணிப்பை மட்டுமே நம்பும் இம்முறை நிரல்வழிப் பின்தொடர்தல் எனப்படுகிறது.

இதற்குப் பெரும்பாலும் ஈரடிச் சுற்றுப்பாதைக் கூறுகள் பயன்படுகின்றன. சுற்றுப்பாதையின் சாய்வு, மையப் பிறழ்வு, நாளொன்றுக்கான சுற்றுகளின் எண்ணிக்கை முதலியவை இரண்டு வரிகளில் அடக்கப்பட்ட வடிவம் இது. இவ்வெண்களிலிருந்து செயற்கைக்கோளின் இருப்பிடத்தைக் கணக்கிடும் எஸ்ஜிபி4 எனும் வழிமுறையை 1980இல் வெளிவந்த அறிக்கை ஒன்று கணினி நிரலுடன் விளக்கியது. இன்றும் எண்ணற்ற மென்பொருட்கள் அதனையே பயன்படுத்துகின்றன.

ஈரடிக் கூறுகளின் பிழை, அவை கணிக்கப்பட்ட வேளையிலேயே ஒரு கிலோமீட்டர் அளவில் இருக்கும். நாள்கள் செல்லச் செல்ல அது வளரும். 500 கிலோமீட்டர் தொலைவில் ஒரு கிலோமீட்டர் என்பது 0.11 பாகைக்குச் சமம். முன்னர்க் கண்ட 11 மீட்டர் தட்டிற்கு எஸ் பட்டையில் இது பொருட்டன்று. எக்ஸ் பட்டையில் இது கற்றையின் விளிம்பிற்கே கொண்டுசென்றுவிடும். கா பட்டையிலோ செயற்கைக்கோள் கற்றைக்கு வெளியே இருக்கும். ஆகவே அதிர்வெண் உயரும்போது கணிப்பு மட்டும் போதாமல் போகிறது.

கடிகாரத்தின் துல்லியமும் இங்கு இன்றியமையாதது. நிலையத்தின் கடிகாரம் ஒரு நொடி பிந்தியிருந்தால், உச்சியில் கடக்கும் செயற்கைக்கோளைவிட ஆன்டெனா 0.87 பாகை பின்தங்கும். ஆகவே தரைநிலையங்கள் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களிலிருந்து பெறும் நேரத்தோடு தம் கடிகாரங்களை ஒத்திசைக்கின்றன. காற்றுமண்டல ஒளிவிலகலும் கணக்கில் கொள்ளப்பட வேண்டும். 5 பாகை ஏற்றத்தில் வானொலி அலை 0.15 பாகைக்கும் மேலாக வளைவதால், செயற்கைக்கோள் உண்மையில் இருப்பதைவிடச் சற்று உயரத்தில் இருப்பதாகத் தோன்றும்.

சமிக்ஞையைக் கண்டடைதல்

கணிப்பு சுட்டிய இடத்தில் சமிக்ஞை கிடைக்காவிடில் தேட வேண்டும். பின்வரும் வழிகள் வழக்கில் உள்ளன.

1. நேரப் பெயர்ச்சித் தேடல்: தாழ்புவிச் செயற்கைக்கோளின் கணிப்புப் பிழை பெரும்பாலும் அதன் பாதையின் நெடுகிலேயே அமையும். அதாவது, அது சரியான பாதையில் செல்லும். ஆனால் சற்று முந்தியோ பிந்தியோ வரும். எனவே வானம் முழுவதையும் துழாவாமல், கணிப்பின் நேரத்தை மட்டும் சில நொடிகள் முன்னும் பின்னும் நகர்த்திப் பார்ப்பது விரைவில் பலன் தரும்.

2. சுருள் தேடல்: கணித்த புள்ளியை மையமாகக் கொண்டு கற்றை சுருள் வடிவில் வெளிநோக்கி நகரும். சுருளின் இரு வளையங்களுக்கு இடையே செயற்கைக்கோள் நழுவிவிடாதிருக்க, வளைய இடைவெளி கற்றை அகலத்தைவிடக் குறைவாக வைக்கப்படும். தேடும் வட்டத்தின் ஆரம் 1 பாகையும் கற்றை அகலம் கால் பாகையும் எனக் கொண்டால், குறைந்தது 64 கற்றைப் பரப்புகளைத் துழாவ வேண்டும். செயற்கைக்கோளும் இடையறாது நகர்வதால், சுருள் அசைவு கணித்த பாதையின் மீது கூட்டப்படுகிறது.

3. துணை ஆன்டெனா: பெரிய தட்டின் விளிம்பில் அகன்ற கற்றையுடைய சிறு ஆன்டெனா ஒன்று பொருத்தப்படும். அது முதலில் சமிக்ஞையைக் கண்டு, பெரிய தட்டைச் சரியான திசைக்குக் கொண்டுவரும்.

மூன்றாம் வழியின் மதிப்பை 2011இல் நிகழ்ந்த ஒரு நிகழ்வு காட்டுகிறது. செவ்வாயின் துணைக்கோளுக்குச் செல்லவேண்டிய உருசியாவின் ஃபோபோஸ்-கிரண்ட் விண்கலம், அவ்வாண்டு நவம்பர் 8 அன்று ஏவப்பட்ட பின் எந்திரம் இயங்காமல் தாழ்ந்த புவிச் சுற்றுப்பாதையிலேயே சிக்கிக்கொண்டது. தொலைவிண் பயணத்திற்கெனக் கட்டப்பட்ட அதனோடு, தலைக்கு மேல் விரைந்து கடக்கும் சில நிமிடங்களில் தொடர்பு கொள்ள முடியவில்லை. அதன் இருப்பிடமும் துல்லியமாகத் தெரியவில்லை. ஐரோப்பிய விண்வெளி முகமை, ஆத்திரேலியாவின் பேர்த் நகரிலிருந்த தன் 15 மீட்டர் ஆன்டெனாவின் பக்கத்தில் சிறிய கொம்பு ஆன்டெனா ஒன்றைப் பொருத்தி, வலுக்குறைந்த அலையை அகன்ற கோணத்தில் பரப்பியது. நவம்பர் 22 அன்று விண்கலம் விடையளித்தது. ஆயினும் தொடர்பு நீடிக்கவில்லை. 2012 ஜனவரி 15 அன்று விண்கலம் காற்றுமண்டலத்தில் விழுந்து அழிந்தது. 2016இல் ஆத்திரேலியாவின் நியூ நார்சியாவில் அதே முகமை திறந்த 4.5 மீட்டர் ஆன்டெனாவில், புதிதாக ஏவப்படும் கலங்களின் முதற் சமிக்ஞையைப் பிடிப்பதற்கென 0.75 மீட்டர் துணைத் தட்டு ஒன்று இணைக்கப்பட்டுள்ளது.

தேடும்போது ஏமாறும் வாய்ப்பும் உண்டு. ஆன்டெனாவின் முதன்மைக் கற்றையைச் சூழ்ந்து வலுக்குறைந்த பக்கக் கற்றைகள் உள்ளன. அண்மையில் கடக்கும் வலுவான செயற்கைக்கோளைப் பக்கக் கற்றை பற்றிக்கொண்டால், மென்பொருள் இலக்கை அடைந்துவிட்டதாகக் கருதிவிடும். ஆகவே கிடைத்த சமிக்ஞையின் வலுவை, அத்தொலைவிற்கு எதிர்பார்க்கப்படும் வலுவோடு ஒப்பிட்டுப் பார்ப்பது வழக்கம். வேறுபாடு 15 அல்லது 20 டெசிபெல் அளவில் இருந்தால் பக்கக் கற்றையில் இருப்பதாகக் கொண்டு தேடல் தொடரும்.

சமிக்ஞைவழிப் பின்தொடர் முறைகள்

படிப்படி முறை

ஆன்டெனா ஒரு திசையில் சிறிதளவு நகர்ந்து, சமிக்ஞை வலுத்ததா குறைந்ததா எனப் பார்க்கும். வலுத்தால் அதே திசையில் மேலும் நகரும், குறைந்தால் திரும்பும். பின்னர் மற்ற அச்சிலும் இவ்வாறே செய்யும். ஒற்றைப் பெறுவி போதும் என்பதால் செலவு குறைவு.

ஆயினும் கற்றையின் உச்சி தட்டையானது. பத்தில் ஒரு பங்கு கற்றை அகலம் நகர்ந்தாலும் வலு 0.12 டெசிபெல் மட்டுமே மாறும். மழை, காற்றுமண்டலக் கலக்கம், இரைச்சல் ஆகியவற்றால் ஏற்படும் ஏற்ற இறக்கம் இதைவிடப் பெரியதாக இருக்கக்கூடும். எனவே பல அளவீடுகளைச் சராசரி எடுக்க வேண்டியுள்ளது. அதற்கு நேரம் வேண்டும். விரைந்து செல்லும் தாழ்புவிச் செயற்கைக்கோள்களுக்கு இம்முறை பொருந்தாது. எரிபொருளைச் சேமிக்க வடக்கு-தெற்குக் கட்டுப்பாடு நிறுத்தப்பட்ட முதிய புவிநிலைச் செயற்கைக்கோள்கள் வானில் நாளொன்றுக்கு ஒருமுறை மெல்ல எட்டு வடிவத்தை வரைகின்றன. அவற்றைத் தொடர இம்முறை ஏற்றது.

கூம்பு வருடல்

கற்றையை மைய அச்சிலிருந்து சற்றே சாய்த்து, அவ்வச்சைச் சுற்றிச் சுழற்றினால் அது வானில் ஒரு கூம்பை வரையும். செயற்கைக்கோள் சரியாக அச்சின் மீது இருந்தால் சமிக்ஞையின் வலு மாறாதிருக்கும். அச்சிலிருந்து விலகியிருந்தால், சுழற்சிக்கு ஏற்ப வலு ஏறி இறங்கும். ஏற்ற இறக்கத்தின் அளவு பிழையின் அளவையும், உச்சம் தோன்றும் கணம் பிழையின் திசையையும் தரும். நாசாவின் தொலைவிண் வலையமைப்பின் பெரிய ஆன்டெனாக்களில், ஆன்டெனாவையே சிறு வட்டமாக அசைத்து இம்முறை பயன்படுத்தப்படுகிறது. சமிக்ஞையே வேறு காரணங்களால் ஏறி இறங்கினால் பிழை நேரும் என்பது இதன் குறை.

ஒற்றைத்துடிப்பு முறை

மோனோபல்ஸ் என வழங்கும் இம்முறை ராடார் துறையிலிருந்து வந்தது. ஒரே ஒரு துடிப்பிலிருந்தே திசைப் பிழையை அறிய முடிந்தமையால் இப்பெயர் ஏற்பட்டது. தட்டின் குவியத்தில் நான்கு சிறு கொம்புகள் சதுரமாக அடுக்கப்பட்டுள்ளன எனக் கொள்வோம். நான்கின் வெளியீடுகளையும் கூட்டினால் தரவுக்கான கூட்டல் சமிக்ஞை கிடைக்கும். மேலிரண்டின் கூட்டிலிருந்து கீழிரண்டின் கூட்டைக் கழித்தால் ஏற்றக்கோணப் பிழையும், இடப்பக்க இரண்டிலிருந்து வலப்பக்க இரண்டைக் கழித்தால் பக்கவாட்டுப் பிழையும் கிடைக்கும்.

இதன் சிறப்பு, மையத்தில் கூட்டல் கற்றை தட்டையாக இருக்க, கழித்தல் கற்றை சுழியைச் செங்குத்தாகக் கடந்து செல்வதாகும். மிகச்சிறு விலகலும் தெளிவாகத் தெரியும்; குறி கூட்டலா கழித்தலா என்பதிலிருந்து எத்திசையில் விலகல் என்பதும் உடனே தெரியும். பிழையைக் கூட்டல் சமிக்ஞையால் வகுப்பதால், சமிக்ஞையின் ஏற்ற இறக்கம் விடையைப் பாதிப்பதில்லை. இக்காரணங்களால் தாழ்புவிச் செயற்கைக்கோள்களைத் தொடரும் பெரிய நிலையங்களில் இம்முறையே பெரிதும் விரும்பப்படுகிறது. பல கொம்புகளுக்கு மாற்றாக, ஒரே கொம்பினுள் எழும் உயர் அலைப்பாங்குகளிலிருந்து பிழையைப் பிரித்தெடுக்கும் ஊட்டுக் கருவிகளும் உள்ளன.

உச்சிச் சிக்கல்

பெரும்பாலான ஆன்டெனாக்கள் கிடையாகச் சுழலும் ஓர் அச்சும் மேல்-கீழாகச் சாயும் ஓர் அச்சும் கொண்டவை. செயற்கைக்கோள் உச்சிக்கு அருகில் கடக்கும்போது இவ்வமைப்பு இடர்ப்படுகிறது. கிழக்கில் ஏறி வந்தது நொடிப்பொழுதில் மேற்கிற்கு மாறுவதால், கிடையச்சு மிக விரைந்து சுழல வேண்டும். 500 கிலோமீட்டர் உயரத்தில் செல்லும் செயற்கைக்கோளின் அதிகபட்ச ஏற்றம் 80 பாகையானால் தேவையான கிடை வேகம் நொடிக்கு ஏறத்தாழ 5 பாகை. 85 ஆனால் 10 பாகை. 89 ஆனால் 50 பாகை. பல டன் எடையுள்ள தட்டை இவ்வேகத்தில் சுழற்ற இயலாது. உச்சியைச் சூழ்ந்த, ஆன்டெனாவால் தொடர முடியாத இச்சிறு வட்டம் சாவித்துளை எனப்படுகிறது. செயற்கைக்கோள் மிக அருகில் இருப்பதும் சமிக்ஞை மிக வலுவாக இருப்பதும் இவ்வேளையிலேதான்.

இதற்கான தீர்வுகள்:

- மூன்றாவது அச்சொன்றைச் சேர்த்து, ஆன்டெனாவின் அடித்தளத்தையே சில பாகை சாய்த்தல். அப்போது சாவித்துளை செயற்கைக்கோளின் பாதையிலிருந்து விலகிவிடும்.
- இரு அச்சுகளையும் கிடையாக அமைத்தல். இதில் சாவித்துளை உச்சியிலிருந்து தொடுவானத்திற்கு மாறுகிறது.
- ஏற்றக்கோணம் 180 பாகை வரை செல்லும் ஆன்டெனாவில், கிடையச்சைச் சுழற்றாமல் தட்டை மறுபக்கமாகக் கவிழ்த்தல்.
- கடப்பு முழுவதும் முன்பே தெரிந்திருப்பதால், உச்சியை அடையும் முன்னரே கிடையச்சைச் சுழற்றத் தொடங்கி, இழப்பை இருபுறமும் பகிர்தல்.

கட்டுப்பாட்டு அமைப்பு

ஆன்டெனாவின் ஒவ்வோர் அச்சிலும் மின்னோடி, பற்சக்கரத் தொகுதி, கோணக் குறியாக்கி ஆகியவை உண்டு. 20 பிட் குறியாக்கி ஒரு முழுச் சுற்றை 10,48,576 பகுதிகளாகப் பிரிப்பதால், 0.00034 பாகை அளவுக்கு நுணுகிக் காண இயலும். பற்களுக்கு இடையேயான தளர்வைப் போக்க, ஒரே சக்கரத்தை இரு மின்னோடிகள் எதிரெதிராகச் சற்றே இழுத்துப் பிடிக்கும் அமைப்பு பெரிய ஆன்டெனாக்களில் காணப்படுகிறது.

கட்டுப்படுத்தி, வேண்டிய கோணத்திற்கும் குறியாக்கி காட்டும் கோணத்திற்கும் உள்ள வேறுபாட்டைக் கொண்டு மின்னோடியை இயக்கும். இப்பின்னூட்டச் சுற்று 0.2 நொடி பின்தங்கினாலும், நொடிக்கு 0.87 பாகை நகரும் இலக்கிற்கு 0.17 பாகை பிழை நேரும். எக்ஸ் பட்டையில் இது கற்றைக்கு வெளியே தள்ளிவிடும். எனவே பிழை தோன்றும் வரை காத்திராமல், கணித்த வேகத்தை முன்கூட்டியே மின்னோடிக்கு ஊட்டுவது வழக்கம். எஞ்சும் சிறு பிழையை மட்டும் ஒற்றைத்துடிப்பு அமைப்பு திருத்துகிறது. கணிப்பும் பின்னூட்டமும் ஒன்றையொன்று நிறைவு செய்கின்றன.

மென்பொருளின் நிலைகள்

ஆளில்லாமல் இயங்கும் நிலையத்தில் மென்பொருள் ஒரு கடப்பைப் பின்வரும் நிலைகளாகப் பிரிக்கிறது.

1. ஆயத்தம்: புதிய சுற்றுப்பாதைக் கூறுகளைப் பெற்று, கடப்பின் தொடக்கம், உச்சம், முடிவு ஆகியவற்றைக் கணித்தல். ஆன்டெனாவின் கம்பிவடங்கள் முறுக்கிக்கொள்ளும் என்பதால் அது முடிவின்றி ஒரே பக்கமாகச் சுழல இயலாது. கடப்பின் நடுவில் முறுக்கு எல்லையை எட்டாதவாறு, எப்பக்கமாகத் திரும்பித் தொடங்குவது என்பதும் இப்போதே முடிவாகும்.
2. காத்திருப்பு: செயற்கைக்கோள் எழும் திசையில் தொடுவானத்தை நோக்கி நிற்றல்.
3. நிரல்வழிப் பின்தொடர்தல்: தொடுவானத்தருகே தரையில் எதிரொளித்து வரும் அலைகள் சமிக்ஞைவழிப் பின்தொடர்தலைக் குழப்புவதால், முதல் சில பாகைகளுக்குக் கணிப்பையே நம்புதல்.
4. பற்றுதல்: சமிக்ஞையின் வலு வரம்பைத் தாண்டி, சிறிது நேரம் நிலைத்த பின் சமிக்ஞைவழிப் பின்தொடர்தலுக்கு மாறுதல்.
5. இடையிழப்பு: சமிக்ஞை திடீரென மறைந்தால், கடைசியாக அறிந்த திருத்தத்தோடு கணித்த பாதையிலேயே தொடர்ந்து செல்லுதல். ஆன்டெனாவை நிறுத்திவிட்டால் செயற்கைக்கோள் தொலைந்துவிடும்.
6. முடிவு: தொடுவானத்தை எட்டியதும் பதிவுகளைச் சேமித்து அடுத்த கடப்பிற்கு ஆயத்தமாதல்.

இவற்றுக்கு இணையாக அதிர்வெண்ணும் திருத்தப்பட வேண்டும். செயற்கைக்கோள் நெருங்கும்போது அதிர்வெண் உயர்ந்தும் விலகும்போது தாழ்ந்தும் தோன்றுவது டாப்ளர் விளைவு. முன்னர்க் கூறிய சுற்றுப்பாதைக்கு இப்பெயர்ச்சி 437 மெகாஹெர்ட்ஸில் ஏறத்தாழ 10 கிலோஹெர்ட்ஸ், 2.2 கிகாஹெர்ட்ஸில் 50 கிலோஹெர்ட்ஸ், 8.2 கிகாஹெர்ட்ஸில் 190 கிலோஹெர்ட்ஸ் வரை இருக்கும். பெறுவி தவறான அதிர்வெண்ணில் நின்றால், சரியான திசையை நோக்கும் ஆன்டெனாவும் எதையும் காணாது.

பாதுகாப்பு நடவடிக்கைகள் மென்பொருளை மட்டும் சார்ந்திருப்பதில்லை. அச்சுகளின் எல்லையில் மின்னோட்டத்தைத் துண்டிக்கும் நிலைமாற்றிகள் உண்டு. காற்றின் வேகம் வரம்பை மீறினால் தட்டு வானத்தை நோக்கி நிமிர்த்திப் பூட்டப்படும். பராமரிப்பாளர் ஆன்டெனாவின் மீது ஏறும்போது தொலைவிலிருந்து எவரும் அதனை இயக்க முடியாதவாறு பூட்டுச் சாவியும் அமைக்கப்படுகிறது. திசை அளவீடு சரியாக உள்ளதா என்பது சூரியன், காசியோப்பியா-ஏ போன்ற வானொலி மூலங்களை நோக்கி அவ்வப்போது சரிபார்க்கப்படுகிறது.

இந்தியாவில்

இந்திய விண்வெளி ஆய்வு மையமான இஸ்ரோவின் செயற்கைக்கோள்களை, பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட இஸ்ட்ராக் அமைப்பு பின்தொடர்கிறது. பெங்களூர், இலக்னோ, திருவனந்தபுரம், சிறீஅரிக்கோட்டா, போர்ட் பிளேர் ஆகிய இடங்களிலும், மொரிசியசு, புரூணை, இந்தோனேசியாவின் பியாக் ஆகிய வெளியிடங்களிலும் அதற்கு நிலையங்கள் உள்ளன. தொலையுணர்வுத் தரவுகள் ஐதராபாத்திற்கு அருகிலுள்ள சாத்நகரில் இறக்கப்படுகின்றன.

2008 அக்டோபர் 22 அன்று ஏவப்பட்ட சந்திரயான்-1இற்காக, பெங்களூருக்கு அருகிலுள்ள பியாலாலு எனும் சிற்றூரில் 18 மீட்டர், 32 மீட்டர் ஆன்டெனாக்கள் அமைக்கப்பட்டன. நிலவிற்கு 100 கிலோமீட்டர் மேலே சுற்றும் கலம், புவியிலிருந்து பார்க்கையில் நிலவின் மையத்திலிருந்து 0.27 பாகை வரை விலகிச் செல்லும். 32 மீட்டர் தட்டின் எக்ஸ் பட்டைக் கற்றை 0.08 பாகைதான் என்பதால், நிலவின் மையத்தை நோக்கி ஆன்டெனாவை நிறுத்தினால் கலம் கற்றைக்கு வெளியே போய்விடும். நிலவு மெதுவாக நகர்ந்தாலும், அதைச் சுற்றும் கலத்தைத் தனியே பின்தொடர வேண்டியிருப்பதன் காரணம் இதுவே.

தன்னார்வலர் நிலையங்கள்

அமெச்சூர் வானொலி ஆர்வலர்கள் சிறு செலவில் தானியங்கு நிலையங்களை அமைத்துக்கொள்கின்றனர். 450 பாகை கிடையாகவும் 180 பாகை மேல்-கீழாகவும் சுழலும் யேசு ஜி-5500 சுழற்றி இவர்களிடையே பரவலாக அறியப்பட்டது. ஜிபிரெடிக்ட் எனும் கட்டற்ற மென்பொருள் கடப்புகளைக் கணித்து, ஹேம்லிப் எனும் நிரலகத்தின் வழியாகச் சுழற்றியையும் பெறுவியையும் இயக்குகிறது. 437 மெகாஹெர்ட்ஸ் அளவிலான அதிர்வெண்களில் கற்றை பல பாகைகள் அகன்றிருப்பதால், இவர்களுக்கு நிரல்வழிப் பின்தொடர்தலே போதுமானது.

2014இல் கிரேக்கத் தலைநகர் ஏதென்சில் தொடங்கப்பட்ட சாட்நாக்ஸ் திட்டம், இத்தகைய நிலையங்களை இணையத்தின் வழி ஒரே வலையமைப்பாக்கியது. வன்பொருள் வரைபடங்களும் மென்பொருளும் கட்டற்ற உரிமத்தில் கிடைக்கின்றன. ஒரு நாட்டு மாணவர்கள் செய்த செயற்கைக்கோளின் முதற் சமிக்ஞையை மற்றொரு நாட்டுத் தன்னார்வலரின் மொட்டைமாடி ஆன்டெனா, அவர் உறங்கும்போதே பிடித்துத் தர இயல்வது இத்தானியக்கத்தின் பயனாகும்.

அண்மைக்காலப் போக்குகள்

நூற்றுக்கணக்கான சிறு கூறுகளின் அலைக்கட்டத்தை மின்னணு முறையில் மாற்றிக் கற்றையைத் திருப்பும் கட்ட வரிசை ஆன்டெனாக்கள் பெருகி வருகின்றன. இவற்றில் அசையும் உறுப்புகள் தேவையில்லை. கம்பிவட முறுக்கும் உச்சிச் சாவித்துளையும் இல்லை. ஸ்டார்லிங்க் பயனர் முனையங்கள் இவ்வகையைச் சேர்ந்தவை. ஆனால் கற்றை தட்டின் நேர்முகத்திலிருந்து சாயச் சாய அதன் வலு குறைவது இவற்றின் வரம்பாகும்.

நோர்வேயின் சுவால்பார்டில், 78 பாகை வடக்கு அகலாங்கில் உள்ள நிலையம், புவிமுனைகளின் வழியே சுற்றும் செயற்கைக்கோள்களை அவற்றின் ஒவ்வொரு சுற்றிலும் காண்கிறது. இத்தகைய நிலையங்களில் ஆன்டெனாக்கள் நாள் முழுதும் ஒன்றன்பின் ஒன்றாகக் கடப்புகளைத் தொடர்கின்றன. தரைநிலைய நேரத்தை நிமிடக் கணக்கில் வாடகைக்கு விடும் சேவைகளும் தோன்றியுள்ளன. தானியங்குப் பின்தொடர்தல் நம்பத்தக்கதாக இருந்தால் மட்டுமே இவை இயலும்; ஒவ்வொரு கடப்பிற்கும் ஓர் இயக்குநர் அமர வேண்டியிருந்தால் இன்றைய எண்ணிக்கையிலான செயற்கைக்கோள்களுக்குத் தரைநிலையங்கள் ஈடுகொடுக்க முடியாது.

இவற்றையும் பார்க்கவும்

- செயற்கைக்கோள்
- புவிநிலைச் சுற்றுப்பாதை
- டாப்ளர் விளைவு
- ராடார்
- பரவளையம்
- அமெச்சூர் வானொலி